வகுத்தலும் மீள நடுதலும்: பொதுச் செல்வம் பற்றிய தமிழ்ச் சிந்தனையும் ருவான்வெல்லை இறப்பர்த் தோட்டங்களும்

செல்வம் பற்றித் தமிழில் எழுந்த சிந்தனைகள் பெரும்பாலும் ஈகையை மையமாகக் கொண்டே ஆராயப்பட்டு வந்துள்ளன. வள்ளல்களின் கொடைச் சிறப்பு, செல்வத்தின் நிலையாமை, கருமியின் இழிவு ஆகியன பற்றிப் பாடநூல்களும் பட்டிமன்றங்களும் கூறியவை மிகப் பல. ஆயின் ஒருவர்க்கு மட்டும் உரியதாகாது நாட்டு மக்கள் அனைவர்க்கும் பொதுவாய் அமைந்த செல்வம் ஒன்று உண்டு. அதனை ஆளுவோர் எவ்வாறு கையாள வேண்டும், இன்னும் பிறவாதோர்க்கு அதில் எத்துணைப் பங்கு உண்டு என்னும் வினாக்களுக்கு அச்சிந்தனை யாது விடை கூறுகின்றது என்பது அத்துணை விரிவாக ஆராயப்படவில்லை. அவ்வினாவை எழுப்புவதும், மரபு தரும் விடையை ஓர் உண்மை நிலத்தின் வரலாற்றோடு வைத்து உரசிப் பார்ப்பதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அந்நிலம் கேகாலை மாவட்டத்து ருவான்வெல்லை. களனி கங்கையோடு கலக்கும் குருகொட ஓயாவை அடுத்து அமைந்த இச்சிற்றூரைச் சூழ்ந்துள்ள குன்றுகளில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இறப்பர் மரங்கள் நின்று வருகின்றன. அவற்றினிடையே லயங்களில் வாழ்ந்து பால்வெட்டித் தந்தோரில் பெரும் பகுதியினர் தமிழர். நாட்டின் நிதியமைச்சராகப் பின்னாளில் விளங்கிய கலாநிதி என். எம். பெரேரா 1936இல் அரசாங்க சபைக்கும் 1947இல் முதலாவது பாராளுமன்றத்துக்கும் தெரிவு செய்யப்பட்டது இத்தொகுதியிலிருந்தே. செல்வம் விளைந்த நிலமும், அதனை விளைத்த கைகளும், அதனை ஆளும் பொறுப்பை ஏற்ற அரசியலும் ஓரிடத்தில் சந்தித்தமையாற் பொதுச் செல்வம் பற்றிய கொள்கைகளைச் சோதித்தற்கு இவ்வூர் ஏற்ற களமாகின்றது.

மரபு கூறுவன

திருக்குறளின் இறைமாட்சி அதிகாரத்தில் அரசின் பொருளியற் கடமை நான்கு செயல்களாக வகுக்கப்பட்டுள்ளது. வருவாய்க்கான வழிகளை உண்டாக்குதல், வருவதைச் சேர்த்தல், சேர்த்ததைக் காத்தல், காத்ததைப் பகுத்துச் செலவிடுதல் என்பன அவை. இவ்வரிசை மனங்கொள்ளத்தக்கது. செல்வத்தைக் குவிப்பதோடு அரசின் பணி முடிந்துவிடுவதாக வள்ளுவர் கொள்ளவில்லை. குவித்ததைப் பகுத்தளிக்கும் ஆற்றலையே இறுதிச் சோதனையாக வைத்தார். நவீன வரவு செலவுத் திட்டங்களின் அமைப்பையே சுருங்கக் கூறும் இவ்வரிசை தமிழ் அரசியற் சிந்தனையின் பேறுகளுள் ஒன்று எனலாம்.

ஆயினும், பகுத்தளிக்கப்படுவது யார்க்கு என்ற வினா எழும்போது இடர்ப்பாடு தோன்றுகின்றது. குறள் அதனை விரித்துரைக்கவில்லை, பரிமேலழகர் விரித்துரைக்கின்றார். கடவுளர், அந்தணர், வறியோர் ஆகியோர்க்கு அளிப்பதை அறத்தின் பொருட்டானது எனவும், யானை, குதிரை, படை, அரண் முதலியவற்றிற்குச் செலவிடுவதைப் பொருளின் பொருட்டானது எனவும், மண்டபம், வாவி, செய்குன்று, இளமரக்கா முதலியன அமைப்பதை இன்பத்தின் பொருட்டானது எனவும் அவர் பிரிக்கின்றார். உரையாசிரியர் காலத்து அரசவையின் செலவுப் பட்டியலாகவே இதனைக் கொள்ளவேண்டும். அரணும் வாவியும் மரக்காவும் அமைத்தவனுக்குப் பின்னும் நிற்பனவே. எனினும் அவை பின்வருவோர்க்காக அமைக்கப்படுவன என்ற எண்ணம் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. மரம் நடுதல் மன்னனது இன்பத்தின்பாற் சேர்க்கப்பட்டிருப்பது குறிப்பாக நோக்கற்பாலது. இறப்பர் மரத்தையே வாழ்வாகக் கொண்ட ஒரு சமுதாயத்தின் நிலையிலிருந்து இவ்வுரையை வாசிக்கும் ஒருவர்க்கு இவ்விடம் நெருடாமற் போகாது.

உரை கூறாது விட்டதைச் சங்கப் பாடல்கள் இரண்டு ஓரளவு நிறைவு செய்கின்றன. பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் கூறும் அறிவுரை, புறநானூற்றில் 184ஆம் பாடலாக உள்ளது. சிறிய வயலாயினும் நெல்லை அறுத்துக் கவளமாக்கி ஊட்டினால் யானைக்குப் பல நாளைக்கு ஆகும். பெரிய வயலாயினும் யானை தானே புகுந்து உண்டால் அதன் வாயிற் புகுவதிலும் காலில் மிதிபடுவது மிகுதியாகும் என்பது அதன் கருத்து. வரி பெறும் முறை பற்றிய பாடலாகவே இது பொதுவாக விளக்கப்படுகின்றது. சற்று ஆழ்ந்து நோக்கின், நுகர்வு வேறு, அழிவு வேறு என்ற பொருளியல் உண்மையை இப்பாடல் நிறுவுவது புலனாகும். ஒரு மூலவளம் எவ்வளவு தரும் என்பதை அதன் பரப்பு மட்டுமன்றி எடுப்பவனின் முறையும் தீர்மானிக்கின்றது.

மற்றையது 18ஆம் பாடல். தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் கூறுவது. உணவு தருவோர் உயிர் தருவோர். உணவாவது நிலமும் நீரும் கூடியது. ஆதலின் பள்ளமான இடங்களில் நீரைத் தேக்குவோரே தம் பெயரை இவ்வுலகில் நிலைநிறுத்துவோர் என்பது அதன் சாரம். வானத்திலிருந்து ஒரு பருவத்தில் இறங்கும் செல்வத்தை மறு பருவத்துக்கு உரியதாக்கும் கருவியே குளம். செழிப்பான காலத்தை அது நிகழும்போதே செழிப்பென அறிந்து, வறண்ட காலத்துக்கு ஒரு பகுதியை ஒதுக்கும் அறிவு இப்பாடலில் உண்டு. ஆனால் அவ்வறிவு மன்னனின் புகழாசையைத் தூண்டியே செயற்படுத்தப்பட வேண்டியதாயிற்று. மன்னன் புகழை விரும்பாதவனாயின் குளம் வெட்டப்படுவதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை. ஆளுவோனின் குணநலனையே முற்றும் நம்பி நிற்பது மரபின் வலிமையும் ஆகும். அதன் குறைபாடும் ஆகும்.

மரமும் பட்டையும்

மரபு தரும் இவ்வளவுகோல்களோடு ருவான்வெல்லையை அணுகலாம். 1876இல் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட விதைகளிலிருந்து முளைத்த இறப்பர்க் கன்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு வந்து, கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடத் தோட்டத்தில் நடப்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வாகனத் தொழில் பெருகவே கேகாலை, களுத்துறை, இரத்தினபுரி மாவட்டங்களின் தாழ்ந்த குன்றுகள் இறப்பர்த் தோட்டங்களாயின.

இம்மரத்தின் இயல்பு பொதுச் செல்வம் பற்றிய பாடமாகவே அமைந்துள்ளது. நட்ட கன்று ஏறக்குறைய ஆறு அல்லது ஏழு ஆண்டுகள் எதுவும் தராது. பின்னர் ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்கு மேல் பால் தரும். பால் ஓடும் குழாய்கள் பட்டையின் உட்பகுதியில் உள்ளன. அதற்கும் உள்ளே, தாவரவியலார் மாறிழையம் எனக் கூறும் மெல்லிய படை உண்டு. வெட்டும் கத்தி அப்படையைத் தொடாது பட்டையை மட்டும் சீவுமாயின் சில ஆண்டுகளிற் புதுப்பட்டை வளரும். அதே இடத்தில் மறுபடியும் பால் பெறலாம். கத்தி ஆழச் சென்று மாறிழையத்தைக் காயப்படுத்துமாயின் அன்று சற்று மிகுதியான பால் வரக்கூடும்; ஆனால் அவ்விடத்தில் முடிச்சுகள் தோன்றி, பிறகு அங்கு கத்தி வைக்க இயலாது போகும். நாள்தோறும் வெட்டாது ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவதும், வெயில் ஏறுமுன் வேலையை முடிப்பதும் இந்நுட்பத்தின் பகுதிகளே. சிரட்டையில் விழும் பாலையும், வெட்டில் உறைந்து நிற்கும் ஒட்டுப்பாலையும் சேர்க்கும் தொழிலாளியின் கைக்கு இவ்வரம்பு நன்கு தெரியும். யானை புகுந்த வயல் பற்றிய உவமையின் உட்பொருளை, ஏட்டுக் கல்வி மறுக்கப்பட்ட அக்கை நாள்தோறும் நடைமுறைப்படுத்தி வந்தது.

இதே மாவட்டத்தின் போகல காரீயச் சுரங்கத்தோடு ஒப்பிடின் வேறுபாடு தெளிவாகும். காரீயம் தோண்டத் தோண்டக் குறைவது. அகழப்பட்ட இடம் மீண்டும் நிறைவதில்லை. அவ்வகைச் செல்வத்தை வேறொரு செல்வமாக மாற்றிச் சேமித்தாலன்றிப் பின்வருவோர்க்கு எஞ்சுவது குழி மட்டுமே. இறப்பரோ முறையாகக் கையாளப்பட்டால் தன்னைத் தானே புதுப்பிப்பது. முறை தவறினால் காரீயத்தைப் போலவே தீர்ந்து போவது. மரம் முதுமையடையும்போது அதனை வெட்டி மீள நடுவதற்கான பணத்தை, அது பால் தந்த ஆண்டுகளிலேயே ஒதுக்கி வைத்தல் வேண்டும். குறள் கூறும் நான்கு செயல்களுக்கு ஐந்தாவதாக ‘மீள நடுதல்’ என ஒன்றைச் சேர்த்தாலன்றி இம்மரத்தை ஆளும் முறை நிறைவு பெறாது. காத்தல் என்பதனுள்ளேயே இது அடங்கும் என வாதிடலாம். ஆயின் களஞ்சியத்துக்குக் காவல் நிறுத்துவது வேறு. களஞ்சியத்தை நிரப்பிய மரத்துக்குப் பதில் மரம் வைப்பது வேறு.

செழிப்பு வந்த காலம்

1950ஆம் ஆண்டு ஜூன் மாதம் கொரிய யுத்தம் மூண்டது. வல்லரசுகள் இறப்பரைச் சேகரித்துக் குவிக்கலாயின. உலகச் சந்தையில் விலை மிக வேகமாக உயர்ந்தது. சுதந்திரம் பெற்று இரண்டே ஆண்டுகள் கழிந்திருந்த இலங்கைக்கு இது எதிர்பாராத செழிப்பு. ஏற்றுமதித் தீர்வையால் அரசின் வருவாய் பெருகிற்று. ஆனால் அச்செழிப்பு யுத்தத்தின் குழந்தை என்பதும், யுத்தத்தின் வேகம் தணியும்போது தானும் தணியும் என்பதும் போதிய அளவு உணரப்படவில்லை. இறக்குமதிகளும் உணவு மானியமும் உயர்ந்த வருவாயின் அளவுக்கு விரிந்தன. 1952இல் இறப்பரின் விலை வீழ்ந்தது. அரிசியின் உலக விலையோ உயர்ந்து நின்றது. நாட்டின் வெளிநாட்டுச் சொத்துகள் விரைவாகக் கரைந்தன.

இந்நெருக்கடியிற் பிறந்ததே 1952 டிசம்பரில் சீனாவுடன் செய்யப்பட்ட இறப்பர்–அரிசி ஒப்பந்தம். ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பரைப் பெற்று 2,70,000 தொன் அரிசியைத் தருவதாகச் சீனா ஐந்தாண்டுகளுக்கு உடன்பட்டது. இறப்பருக்குச் சந்தை விலையிலும் உயர்ந்த விலை கிடைத்தது. எனினும் வரவு செலவின் பள்ளம் இதனால் நிரம்பவில்லை. 1953 ஜூலையில் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் நிகழ்ந்தது; உயிர்கள் பலியாயின; பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். செழிப்பான ஆண்டுகளில் குளம் வெட்டாத அரசு வறண்ட ஆண்டில் மக்களின் சோற்றுத் தட்டிலே கை வைக்க நேர்ந்தது என இவ்வரலாற்றைச் சுருக்கிக் கூறலாம்.

ஆனால் அதே 1953இல் நிகழ்ந்த வேறொன்று பெரிதும் பேசப்படுவதில்லை. இறப்பர் மீள்நடுகைக்கு உதவித்தொகை வழங்கும் திட்டம் அவ்வாண்டிலேயே தொடங்கப்பட்டது. ஏற்றுமதியாகும் இறப்பரின்மீது விதிக்கப்பட்ட ஒரு தனித் தீர்வையிலிருந்து அதற்கான நிதி திரட்டப்பட்டது. முதிர்ந்த மரங்களை அகற்றி உயர் விளைச்சல் தரும் இனங்களை நடுவோர்க்கு அது பகிர்ந்தளிக்கப்பட்டது. பெருந்தோட்டங்களேயன்றிச் சிற்றுடைமையாளரும் இதனாற் பயன் பெற்றனர். பாலின் விலையில் ஒரு பங்கு மரத்துக்கே திரும்பிச் செல்லும் இவ்வேற்பாடு, மேலே கூறிய ஐந்தாம் செயலின் சட்ட வடிவமாகும். மன்னனது புகழாசையை நம்பியிராமல் விதியை நம்பியதே இதன் சிறப்பு. அமைச்சர்கள் மாறினும் தீர்வை மாறாது நின்றால் மரம் நடப்படும்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். அரசு செலவிட்டதெல்லாம் வீணாயிற்று எனக் கூறுதல் பொருந்தாது. 1945இல் தொடங்கிய இலவசக் கல்வியும், இலவச மருத்துவமும், அரிசி மானியமும் இந்நாட்டு மக்களின் எழுத்தறிவையும் ஆயுளையும் உயர்த்தின. குழந்தைக்கு ஊட்டிய சோறும் கற்பித்த எழுத்தும் எதிர்காலத்துக்கான சேமிப்பே. வங்கியில் இட்ட பணம் மட்டுமே சேமிப்பு என்பது குறுகிய நோக்கு. ஆதலின் 1950களின் அரசைக் குறைகூறுவோர், செலவிட்டமைக்காக மட்டும் அதனைக் கடிந்து கொள்ளல் தகாது. எதற்குச் செலவிட்டது, தற்காலிக வருவாயை நிலையான வருவாயாக எண்ணி மயங்கியதா என்று பிரித்தறிந்தே கடிதல் வேண்டும்.

பொது என்போர் யாவர்?

மறுப்பு இவ்வாறு ஏற்கப்பட்டாலும், அதனின்றும் மேலும் கடுமையான வினா ஒன்று பிறக்கின்றது. பள்ளிகளாகவும் மருத்துவமனைகளாகவும் மாறிய அப்பொதுச் செல்வம் எப்பொதுமக்களைச் சென்றடைந்தது? கொரிய யுத்தச் செழிப்புக்கு இரண்டாண்டுகளின் முன்னர், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. இறப்பரும் தேயிலையும் ஈட்டிய அந்நியச் செலாவணியில் இலவசக் கல்வி தழைத்த காலத்தில், அவற்றை விளைத்தோரின் பிள்ளைகள் தோட்டப் பள்ளி என்ற ஓரறைக் கொட்டிலில் தொடக்க வகுப்புகளோடு நின்றனர். அப்பள்ளிகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேயே. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 1,50,000 பேரின் விதியைப் பின்னர்த் தீர்ப்பதற்கென ஒத்திவைத்தது. செல்வத்தைப் பகுத்தளிக்க வேண்டிய அரசு செல்வத்தை விளைத்தோரையே பகுத்தளித்தது.

பின்வரு தலைமுறைக்கெனச் செல்வத்தைப் பேண வேண்டும் என்னும் அறவுரையின் அடியில் ஓர் எடுகோள் உள்ளது: அத்தலைமுறை அந்நாட்டில் இருக்கும் என்பது. தன் மகன் இம்மண்ணில் இருப்பானா, மண்டபம் முகாமில் இறங்குவானா என்பதையே அறியாத ஒரு தொழிலாளியிடம் எதிர்காலத்துக்கான சிக்கனத்தைப் போதிப்பது பொருளற்றது. எஞ்சியோரின் பிரசாவுரிமைச் சிக்கலைத் தீர்க்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பொதுச் செல்வம் என்ற தொடரில் ‘செல்வம்’ என்பதைக் கணக்கிடுவதற்கு முன் ‘பொது’ என்பதைக் கணக்கிட வேண்டும் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

மலையகம் பற்றிய ஆக்க இலக்கியங்களும் இதனை உறுதிப்படுத்துகின்றன. தேயிலைத் தூரிலே தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆள்கட்டிய கங்காணிகள் கூறியதாக வழங்கும் ஆசை வார்த்தை வாய்மொழி மரபில் நிலைத்துவிட்டது. புதுமைப்பித்தனின் ‘துன்பக் கேணி’ அவ்வாக்குறுதியின் மறுபக்கத்தைக் காட்டிற்று. 1964இல் வெளிவந்த கோகிலம் சுப்பையாவின் நாவலுக்குத் ‘தூரத்துப் பச்சை’ என்ற பெயரே பொருத்தமாயிற்று. செழிப்பு என்பது தொலைவில் நின்று காண்போர்க்கு மட்டுமே பசுமையாகத் தோன்றுவது. இவ்வகை இலக்கியம் செல்வம் எவரது துன்பத்தால் விளைந்தது என்பதையே முதன்மையாக வினவியது; விளைந்த செல்வத்தை எவ்வாறு பேணுவது என்பதை அத்துணை வினவவில்லை. இதனை அவ்விலக்கியத்தின் குறையாகக் கருதுவோர் உளராயின் அவர் ஒன்றை மறக்கின்றனர். பங்கு மறுக்கப்பட்டவன் முதலிற் கேட்பது பங்கையே. பேணும் பொறுப்பு பங்கோடு வருவது. ஆயினும் மலையக எழுத்துகளில் தேயிலை பெற்ற இடத்தை இறப்பர் பெறவில்லை என்பதும், சப்பிரகமுவவின் தாழ்குன்றுகளிற் பால்வெட்டும் கையின் நுட்பம் இன்னும் முழுமையான ஒரு நாவலுக்காகக் காத்திருக்கும் வளம் என்பதும் ஈண்டுச் சுட்டத்தக்கன.

உடைமை மாறியபோது

ருவான்வெல்லையில் அரசியல் வாழ்வைத் தொடங்கிய என். எம். பெரேரா 1964இல் சில மாதங்களும் 1970 முதல் 1975 வரையும் நிதியமைச்சராயிருந்தார். 1934–35இல் கேகாலைப் பகுதியைச் சூறையாடிய மலேரியாக் கொள்ளைநோயின்போது மருந்தும் பருப்பும் சுமந்து குடிசை குடிசையாகச் சென்ற இயக்கத்தின் முன்னோடிகளுள் அவரும் ஒருவர். அவர் அமைச்சராயிருந்த காலத்திலேயே 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் நிலவுடைமைக்கு 50 ஏக்கர் உச்சவரம்பை விதித்தது. 1975இன் திருத்தச் சட்டம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கிற்று. அச்சட்டம் நிறைவேறு முன்பே அவரது கட்சி அரசாங்கத்திலிருந்து விலக்கப்பட்டிருந்தது. தேசியமயமாகும் தோட்டங்கள் எவ்வமைச்சின் கீழ் அமைவது என்ற பூசல் அவ்விலகலுக்கான காரணங்களுள் ஒன்று.

அரசுடைமையாக்கம் என்பது செல்வத்தைப் பொதுவாக்கும் முயற்சியே. அதன் வரலாற்று நியாயத்தை மறுக்க இயலாது. ஆனால் உடைமை மாறுவதும் மரம் நடப்படுவதும் ஒன்றல்ல. காணிச் சீர்திருத்தத்தை அடுத்த ஆண்டுகளில் உணவுப் பஞ்சமும் நிருவாகக் குழப்பமும் தோட்டங்களைப் பீடித்தன. பல குடும்பங்கள் லயங்களை விட்டு வெளியேற நேர்ந்தது. நிலம் மக்களுடையதாயிற்று என்று அறிவிக்கப்பட்ட நாளில், அந்நிலத்தில் உழைத்தோர் மக்கள் என்ற வரையறைக்குள் இருக்கவில்லை. பகுத்தலிற் பிழை நேர்ந்தவிடத்துக் காத்தலும் தளர்ந்தது.

1992இல் தோட்டங்களின் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. நிலம் அரசின் உடைமையாகவே நிற்க, 53 ஆண்டுக் குத்தகை வகுக்கப்பட்டது. அது 2045இல் முடிவுறும். இவ்வேற்பாட்டை இறப்பர் மரத்தின் ஆயுளோடு வைத்து நோக்குதல் பயனுடையது. 2010இல் நட்ட ஒரு கன்று 2017 அளவிற் பால் தரத் தொடங்கி, குத்தகை முடியும் காலத்திலேயே முதுமை எய்தும். 2030இல் நடப்படும் கன்றோ குத்தகைக்காரருக்கு எட்டாண்டுப் பயனையே தரும். எஞ்சிய ஆயுள் அடுத்து வருவோர்க்குச் சேரும். ஆதலின் குத்தகையின் முடிவு நெருங்குந்தோறும் மீள நடுவதற்கான ஊக்கம் குறைவதும், நிற்கும் மரத்திலிருந்து இயன்றதை எடுக்கும் ஆசை மிகுவதும் கணக்கியலின் இயல்பு. எவரது தீக்குணத்தையும் இதற்குக் காரணமாகக் கூற வேண்டுவதில்லை. முடிவுக் காலத்தில் நடப்படும் மரத்துக்கு உரிய மதிப்பைக் குத்தகைக்காரருக்கு ஈடுசெய்யும் விதி இல்லையாயின், சட்டமே கத்தியை ஆழச் செலுத்தும்.

பிற நாட்டு அனுபவங்கள்

தீரும் வளத்தைத் தீராத நிதியாக மாற்றிய நாடுகளுக்கு எடுத்துக்காட்டாக நோர்வே இக்காலத்திற் பெரிதும் பேசப்படுகின்றது. 1990இல் நிதியத்துக்கான சட்டம் இயற்றப்பட்டது. 1996இல் முதற்பணம் இடப்பட்டது. எண்ணெய் வருவாய் நிதியத்துக்குச் செல்லும். ஆண்டுதோறும் அதன் எதிர்பார்க்கப்படும் இலாபத்தின் அளவையே அரசு செலவிடலாம் என 2001இல் விதி செய்யப்பட்டது. அவ்வளவு முதலில் 4 சதவீதமாகக் கொள்ளப்பட்டு 2017இல் 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பட்டையைச் சீவு, மாறிழையத்தைத் தொடாதே என்னும் பால்வெட்டின் விதியே இதுவும். மறுபுறம், பொசுபேற்று வளத்தால் ஒரு காலத்தில் உலகின் மிகச் செல்வமான நாடுகளுள் ஒன்றாகக் கருதப்பட்ட நவுறு, தன் பொறுப்பு நிதியத்தை வீண் முதலீடுகளில் இழந்தது. மெல்பேணில் 1977இல் எழுப்பிய 52 மாடிக் கட்டடத்தை 2004இல் விற்க நேர்ந்தது.

இவ்விரண்டினும் மேலாக இலங்கைக்குப் பாடமாவது கிரிபாசின் வரலாறு. கில்பேட் தீவுகள் என அது பிரித்தானியர் ஆட்சியில் இருந்தபோதே, பனாபா தீவின் பொசுபேற்று வருவாயிலிருந்து 1956இல் ஒரு சேமநிதி அமைக்கப்பட்டது. 1979இல் பொசுபேற்று தீர்ந்தது. நிதி இன்றும் நிலைக்கின்றது. முறையான பேணலுக்கு இது நல்ல சான்று. ஆனால் எவர் தீவு அகழப்பட்டதோ அப்பனாபா மக்கள் 1945இலேயே பீஜியின் ராபித் தீவுக்குக் குடியேற்றப்பட்டிருந்தனர். நிதி பிழைத்தது, நிலத்துக்குரியோர் அகன்றனர். சேமிப்பிற் சிறந்த அரசும் ‘பொது’ என்பதை வரையறுப்பதில் தவறலாம் என்பதற்குக் கேகாலையோடு ஒப்பிடத்தக்க எடுத்துக்காட்டு இது.

நோர்வேயின் வழியை அப்படியே பின்பற்றுமாறு இலங்கைக்குக் கூறுவதும் பொருந்தாது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாமையை அறிவித்த நாட்டுக்கு, முதலில் வேண்டுவது உபரியைச் சேமிக்கும் நிதியமன்று. பின்வருவோரின் பெயரிற் கடன் பெற்று இன்றைய நுகர்வை நடத்தாத ஒழுங்கு. அதுவன்றியும் இந்நாட்டில் ஏற்கெனவே ஒரு பெரும் பொதுச் சேமிப்பு உண்டு. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதியே அது. கூலியிலிருந்து சிறுகச் சிறுகச் சேர்ந்த அந்நிதியின் பெரும்பகுதி அரசின் கடன்முறிகளில் இடப்பட்டுள்ளது. 2023இன் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு அம்முறிகளைத் தொட்டது. தொழிலாளர் தம் முதுமைக்கெனத் தேக்கிய குளத்தின் மதகை, குளம் வெட்டாத அரசு தன் தாகத்துக்குத் திறந்தது.

முடிவாக

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, செழிப்பு வரும்போது அதனைச் செழிப்பென்றும் அது எத்தகையது என்றும் அறிதல் வேண்டும். யுத்தத்தால் உயர்ந்த விலையையும் உழைப்பால் உயர்ந்த விளைச்சலையும் ஒன்றெனக் கொண்டமையே 1950–53இன் தவறு. இரண்டாவது, பேணுதல் என்பது ஆளுவோரின் நற்குணத்தில் மட்டும் தங்கி நிற்றலாகாது. 1953இன் மீள்நடுகைத் தீர்வை போல விதியாக அமைதல் வேண்டும். 2045க்கு முன்னரே குத்தகையின் முடிவு பற்றிய விதிகள் திருத்தப்படுதல் இவ்வகையில் உடனடித் தேவையாகும். மூன்றாவது, விளைத்தவரை விலக்கிய செல்வம் பொதுச் செல்வமாகாது. லயத்துப் பிள்ளையின் பள்ளியும், அக்குடும்பத்துக்கு உரிய காணியும் வீடும் எதிர்காலத்துக்கான முதலீட்டுப் பட்டியலில் தலையிடம் பெறத்தக்கன. அவற்றை நலன்புரி உதவி எனக் கூறுதல் கடனைத் தானம் எனக் கூறுதலாகும்.

தமிழ் மரபு இம்மூன்றுக்கும் எதிரானதன்று. யானை புகுந்த வயலின் உவமையும், நீர்நிலை அமைப்போரின் புகழும், பகுத்தளித்தலை அரசின் இறுதிச் சோதனையாக வைத்த குறளும் அவற்றிற்கு வித்தாகத்தக்கன. ஆனால் வித்தை மரமெனக் கொண்டு பெருமை பேசுவோர் மரபுக்கு உதவுவோராகார். பரிமேலழகர் தம் காலத்து அரசவையை நோக்கி உரை எழுதினார். இன்று எழுதப்படும் உரை தோட்டத்தை நோக்கி எழுதப்படுதல் வேண்டும். அவ்வுரையில் இளமரக்கா மன்னனின் இன்பத்திலிருந்து பெயர்க்கப்பட்டு, இனிப் பிறப்போர்க்குச் செலுத்தும் கடனாக அறத்தின் வரிசையிலே வைக்கப்படும்.